ஆடிக்கு முன் பற்றவைத்த அடுப்பு

விடிந்தும் விடியாததுமாக, குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு சிமெண்ட் மேடைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். மேடையின் மேல் நனைந்த கோணிப்பைகள். தண்ணீர் வழிந்து ஓடாமல் நிற்க, சுற்றிலும் விரல் உயரத்துக்குச் சாந்தால் வரப்பு கட்டியிருக்கிறது. கோணியின் புழுங்கல் வாசனையும் பச்சை சிமெண்டின் வாசனையும் கலந்து மூக்கில் ஏறுகிறது. எதிரே மலை இன்னும் கறுப்பாகத்தான் நிற்கிறது.

குடத்தைக் கவிழ்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அந்த மேடையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. சிரிக்காதீர்கள். அது பாட்டுக்குப் படுத்துக் கிடக்கிறது. யாரும் தொடக் கூடாது. வேளாவேளைக்குத் தண்ணீர். ஒரு கோழி அதன் மேல் ஏறினால் வீட்டில் இருக்கிற எல்லோரும் கத்துகிறார்கள். நான் அந்த வீட்டுக்கு வாழ வந்து அத்தனை வருஷத்தில் எனக்காக யாரும் ஒரு கோழியை விரட்டியதில்லை.

போன வாரம் இந்தத் தொடரைக் கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டியோடு நிறுத்தியிருந்தேன். அது பிழைத்ததா என்று வழியில் பார்த்துக் கேட்டவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: பிழைத்தது, பிறகு என்னை முட்டவும் செய்தது. இந்த வாரம் அடுப்பைப் பற்றி.

மண் அடுப்பின் பாடு

நாங்கள் அப்போது அடி அண்ணாமலையில் இருந்தோம். மலை சுற்றுகிற பாதை எங்கள் வாசலை ஒட்டித்தான் போகும். வீட்டுக்கு முன்னால் ஒரு கீற்றுக் கொட்டகை, அதில் இட்லிக் கடை. மற்ற நாட்களில் கழனி வேலைக்குப் போகிறவர்களும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் சாப்பிடுவார்கள். பௌர்ணமி என்றால் மலை சுற்ற வருகிறவர்கள்.

கல்லாவும் பரிமாறுவதும் இவருடையது. (என் வீட்டுக்காரர் ஏழுமலையை இந்தத் தொடர் முழுக்க ‘இவர்’ என்றுதான் எழுதிவருகிறேன். பெயரைச் சொல்லி எழுதினால் யாரோ அடுத்த தெருக்காரரைச் சொல்வது போல் இருக்கிறது.) அடுப்பு என்னுடையது.

கடை போட்ட புதிதில் பௌர்ணமிக்கு நடக்கிறவர்களை நின்ற இடத்தில் நின்று எண்ணிவிடலாம். தொண்ணூறுகளில் என்ன ஆயிற்றோ, மாதத்துக்கு மாதம் கூட்டம் ஏறியது. மெட்ராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். எதிர்ப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டுமென்றால் கூட்டத்தில் சந்து கிடைக்கும்வரை குடத்தோடு நிற்க வேண்டும்.

கூட்டத்துக்கு ஏற்ற மாதிரி அண்டாவைப் பெரிதாக வாங்கினார் இவர். அடுப்புதான் பழைய அடுப்பு. ஏரி மண்ணையும் வைக்கோலையும் மிதித்து நானே போட்டது. சின்னக் குண்டானுக்கு ராணி மாதிரி உட்கார்ந்து எரியும். இட்லி அண்டாவைத் தூக்கி வைத்தால் ஒரு பக்கம் அமுங்கிவிடும். பௌர்ணமி முடிந்த மறுநாள் ஊரே கால் வலி என்று படுத்திருக்கும். நான் மண்ணைக் குழைத்து அடுப்புக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பேன்.

காஸ் இல்லையா என்று இப்போதைய பெண்கள் கேட்பார்கள். அப்போது காஸுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். விறகு அப்படியில்லை, ஏரிக்கரை முழுக்க வேலிகாத்தான் முள்மரம் நின்றது.

ஒரு சித்திரா பௌர்ணமியன்று அடுக்கிய இட்லித் தட்டுகளோடு அண்டா அப்படியே சாய்ந்து விழுந்தது. கால் மட்டும் தப்பித்தேன். வெந்த இட்லியெல்லாம் சாம்பலில் உருண்டது. இவர் தலையில் கை வைத்துக்கொண்டு, “போதும்டா சாமி, கான்கிரீட் போட்டுடலாம்” என்றார். தரைக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் மேடை, அதன் மேல் மூன்று பக்கமும் செங்கல் சுவர், நடுவில் மேடை மேலேயே விறகு எரியும். அண்டா என்ன, யானையே ஏறி நின்றாலும் தாங்கும் என்றார்.

உமாவுக்காக நேர்ந்துகொண்டது

இங்கே கொஞ்சம் பின்னால் போய்வர வேண்டும்.

என் மகள் உமாவுக்கு விவரம் தெரியாத வயதில் மஞ்சள் காமாலை வந்தது. முதலில் கண், பிறகு நகம், பிறகு உடம்பே மஞ்சள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு மத்தியானம் அவளுக்குத் தலையைத் தூக்க முடியவில்லை. ‘அம்மா’ என்று வாய் மட்டும் அசைந்தது. ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன்: “இவ எழுந்து நடந்துட்டா, ஒரு பௌர்ணமியில வெறுங்காலோட உன்ன ஒரு சுத்து சுத்தி வரேன்.”

அவள் எழுந்தாள், நடந்தாள், ஓடினாள், பள்ளிக்கூடம் போனாள். நான்தான் நடக்கவில்லை. முதலில் பிள்ளை தேறட்டும் என்று இருந்தேன். தேறுவதற்குள் கடை போட்டோம். கடை போட்ட பிறகு பௌர்ணமி என்றாலே அண்டா, சட்னி, விறகு. எனக்கு முன்னால் லட்சம் பேர் மலை சுற்றிப் போனார்கள். அத்தனை பேர் பசிக்கும் இட்லி அவித்தேனே தவிர, ஒரு பௌர்ணமிக்குக்கூட நான் அந்தப் பாதையில் கால் வைக்கவில்லை.

“நடக்கறவங்களுக்கு சாப்பாடு போடறியே, அதுவே சுத்தின மாதிரிதான்” என்பார் இவர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். காசு வாங்கிக்கொண்டு போடுகிற இட்லியில் என்ன புண்ணியம்? நான் சாமியிடம் சொன்னது இட்லி அவிக்கிறேன் என்றா, நடக்கிறேன் என்றா?

இதைப் பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். பயம். உமாவுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூட நெற்றியைத் தொட மாட்டேன். இமையைக் கீழே இழுத்துக் கண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். கொடுத்த வாக்கை நான் மறந்தாலும் வாங்கிக்கொண்டவர் மறக்க மாட்டார் என்ற பயம் எப்போதும் இருந்தது. உமா பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் அது போகவில்லை.

பாஷா பாய் வைத்த கெடு

மேடை போட டவுனிலிருந்து பாஷா பாய் என்ற கொத்தனாரைச் சொல்லிவைத்தார் இவர். கை சுத்தமான வேலைக்காரர். ஆனால் ஆள் வந்தால்தானே? வைகாசி முழுக்க “நாளைக்கு வரேன் ஏழுமல, கண்டிப்பா வரேன்” என்று சொல்லியே ஓட்டினார். வைகாசிப் பௌர்ணமியைப் பழைய மண் அடுப்பிலேயே தள்ளினோம். அதன் பிறகு நான் அதை உடைத்து இடத்தைக் காலி செய்துவிட்டு, வீட்டுச் சமையலுக்குப் பம்ப் ஸ்டவ்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆனி பாதி ஓடிய பிறகு, ஒன்றுமே நடக்காதது போல் சைக்கிளில் வந்து இறங்கினார்.

வேலை ஒரே நாளில் முடிந்தது. ஜல்லி, மணல், சிமெண்ட் எல்லாம் கலந்து கொட்டி மட்டப்பலகையால் இழுத்து, செங்கல்லையும் கட்டி, வரப்பும் போட்டார். கை கழுவிக்கொண்டே சொன்னார்: “ஒரு மாசம் நெருப்பு காட்டாதீங்கம்மா. முதல்ல தண்ணி கட்டுங்க, ஜாஸ்தியாவே கட்டுங்க. அப்பறம் தண்ணிய நிறுத்திட்டு சும்மா காய உடுங்க. மேல காஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் இருக்கும்.”

“ஒரு மாசமா? நடுவுல பௌர்ணமி வருதே பாய்” என்றார் இவர்.

“பௌர்ணமி மாசாமாசம் வரும் ஏழுமல. மேடைய மாசாமாசம் போடுவியா?”

பாய் தெருமுனை தாண்டியதும் இவர் ஆரம்பித்துவிட்டார். “வேலைக்கு வரதுக்கே ஒரு மாசம் இழுத்தாரு. இப்ப காயறதுக்கும் ஒரு மாசம்ன்றாரு. அந்த ஆளு வாயில ஒரு மாசத்துக்குக் கம்மியா எதுவும் வராது.”

நானும் சிரித்தேன். பாவம், பாய் ஒழுங்காக வேலைக்கு வருகிற மனிதராக இருந்திருந்தால் அவர் சொன்னதற்கு எங்கள் வீட்டில் மரியாதை இருந்திருக்கும். ஆனால் எனக்கு வேறொன்று உறைத்தது. நெருப்பு கூடாது என்றால் இந்தப் பௌர்ணமிக்குக் கடை கிடையாது. கடை கிடையாது என்றால் நான் நடக்கலாம். அன்று சாயங்காலமே பேச்சை எடுத்தேன்.

“இந்தப் பௌர்ணமிக்குக் கடை இல்ல இல்லீங்களா. நான் மல சுத்திட்டு வந்துடறேன்.”

“போய்ட்டு வாயேன். யாரு வேணான்னது?”

“இத்தினி வருசமா யாரும் வேணான்னு சொல்லல. போவத்தான் முடியல.”

இவர் மேடைப் பக்கம் வந்த கோழியை ‘ச்சூ’ என்று விரட்டப் போனார்.

அன்றிலிருந்து மேடைக்குத் தண்ணீர் ஊற்றுவதை வேறு யாரிடமும் விடவில்லை. காலை, மத்தியானம், சாயங்காலம். கோணி காயவே விடமாட்டேன். உடம்பெல்லாம் வலிக்கும், ஆனாலும் ஒவ்வொரு குடத்துக்கும் பௌர்ணமி ஒரு படி கிட்டே வருகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனியை விட்டால் ஆவணி

இப்படி இருக்கும்போது கீழ்பென்னாத்தூரிலிருந்து இவருடைய அக்கா தனபாக்கியம் வந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஒரு பை நிறைய மல்லாட்டையும் (வேர்க்கடலைதான்) ஊர்க் கதைகளுமாக வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் மேடையைத்தான் பார்த்தார்.

“ஜோரா இருக்குதுடா தம்பி. எப்ப பத்த வைக்கப் போற?”

இவர் பாய் சொன்னதைச் சொன்னார். அண்ணி விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “ஒரு மாசம்னா நடு ஆடி ஆயிடுமே. ஆடியில யாராவது புது அடுப்பு பத்த வைப்பாங்களா? அப்ப ஆவணி வரைக்கும் கடைய மூடிட்டு இன்னா பண்ணுவீங்க, மல்லாட்ட உரிச்சிக்கினு உக்காந்திருப்பீங்களா?” என்றார்.

இதை யாரும் யோசிக்கவில்லை. பௌர்ணமி முடிந்த கையோடு ஆடி பிறந்துவிடும். ஆடியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டோம், அது எங்கள் வீடு மட்டுமில்லை, ஊரே அப்படித்தான். நானே ஆடியில் பற்றவைக்க ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். சிமெண்டுக்கு ஆனி ஆடி தெரியாது. எங்களுக்கு சிமெண்ட் தெரியாது. ஒரு பௌர்ணமி போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்த இவர், ஆடிப் பௌர்ணமியும் போகப்போகிறது என்றதும் முகம் செத்துப்போனார்.

அண்ணிதான் வழியும் சொன்னார். “பேருக்கு ஒரு தபா பாலக் காய்ச்சிடுவோம். அப்ப ஆனியிலயே பத்த வச்ச அடுப்பு ஆயிடுமில்ல? அப்பறம் அது பாட்டுக்கு எத்தினி நாள் வேணா காயட்டும்.”

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆடிக்கும் தப்பிக்கலாம், பாய் சொன்ன கெடுவையும் மீறியதாகாது, என் நடையும் கெடாது. நான்தான் முதலில் தலையாட்டினேன்.

பால் பொங்கியது

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் நல்ல நேரம் இருந்தது. அண்ணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். கோணிகளை உருவி எறிந்தார். வரப்பை உடைத்துத் தேங்கிய தண்ணீரை வெளியேற்றினார். “புது அடுப்பு, கண்டவங்க காலு பட்ட இடம்” என்று மறுபடியும் தண்ணீரைக் கொட்டித் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவினார். சாணம் கரைத்து மெழுகி, கோலம் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்தார்.

தண்ணீரை நிறுத்திவிட்டுக் காயவிடச் சொல்லியிருந்தார் பாய். நாங்கள் அன்று காலைவரை தண்ணீர் கட்டி, அது போதாதென்று கழுவியும் விட்டு, அந்த ஈரத்தின் மேலேயே தென்னை மட்டையையும் சூடத்தையும் வைத்தோம். எங்களுக்கு அது சுத்தம். அடுப்பை அழுக்காக வைத்துக்கொண்டு யாராவது பால் காய்ச்சுவார்களா?

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அண்ணி குலவையிட்டார். ஆளுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை போட்டுக் குடித்தோம். மட்டை எரிந்து அணைந்தது. மேடையிலிருந்து லேசாக ஆவி வந்தது, சாணத்து ஈரம் என்று நினைத்தோம். இவர் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “பாரு, ஒண்ணும் ஆவல” என்றார்.

“ஆவல இல்ல, நல்லது. இனிமே பாய் சொன்ன நாள் முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாது” என்றேன்.

“சரி, சரி” என்றார். இவர் இரண்டு முறை சரி சொன்னால் காதில் விழவில்லை என்று அர்த்தம். அன்று எனக்கு அதைக் கவனிக்க நேரமில்லை, மறுநாளைக்குக் கட்ட வேண்டிய சேலையைத் துவைத்துக்கொண்டிருந்தேன்.

வெறுங்கால்

பௌர்ணமியன்று மத்தியானமே திதி தொடங்கிவிட்டது. வீட்டு வேலையை முடித்துவிட்டு பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். பெரிய கோயில் கிழக்கு கோபுரத்துக்கு முன்னால் சூடம் ஏற்றி, செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

ஆனி மாத வெயில் தாரில் ஊறிக் கிடந்தது. மரநிழல் வரும் இடமெல்லாம் கூட்டத்தோடு கூட்டமாக ஓரத்துக்கு ஒதுங்கினேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டும்போது வெள்ளை வேட்டி கட்டிய வெள்ளைக்காரர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்கள். நடக்க நடக்க எனக்கு ஒன்று விசித்திரமாக இருந்தது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சட்னி எங்கே, தண்ணீர் எங்கே, இன்னும் இரண்டு வை என்று ஒரு குரல் இல்லை. கை சும்மா இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

வேலூரிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பேச்சுத்துணைக்குச் சேர்ந்துகொண்டார்கள். “உங்களுக்கு எந்த ஊருங்க?”

“இந்தப் பக்கம்தான்.”

“குடுத்து வச்சவங்க. நெனச்சப்பல்லாம் சுத்துவீங்க.”

சிரித்து வைத்தேன். அதில் மூத்தவள், “அடி அண்ணாமலையில ஒரு இட்லிக் கடை இருக்குதுங்க. போன தபா சாப்பிட்டோம். சட்னி அப்படி இருக்கும். அங்க உக்காந்துட்டுப் போலாம்” என்றாள்.

மனசுக்குள் குளிர்ந்ததை மறைத்துக்கொண்டு, “இன்னிக்கி அந்தக் கடை இல்லீங்க” என்றேன்.

“ஏங்க?”

“அடுப்பு காயுது.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கால் கொதித்தது, ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த ரோட்டில் நடந்ததில்லை.

கொட்டகை மேல் புகை

எங்கள் ஊர் வளைவில் திரும்பும்போது விளக்கு வைக்கிற நேரம். கூட்டத்துக்கு மேலே கீற்றுக் கொட்டகை தெரிந்தது. கொட்டகைக்கு மேலே புகை.

“கடை இருக்குதே!” என்று வேலூர்க்காரி கையைத் தட்டினாள்.

கிட்டே போனேன். பெஞ்ச் நிறைய ஆட்கள், கையில் இலையோடு நிற்பவர்கள் அதற்கு மேல். பக்கத்து வீட்டு கிரைண்டர் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது எதற்கென்று அப்போது புரிந்தது. புது மேடை மேல் வேலிகாத்தான் கட்டைகள் திகுதிகுவென்று எரிகின்றன. அண்டா உட்கார்ந்திருக்கிறது. அண்ணி வேர்க்க விறுவிறுக்கத் தட்டு எடுக்கிறார். உமா தண்ணீர் ஊற்றிக்கொண்டு போகிறாள்.

இவர் என்னைப் பார்த்துவிட்டார். “கௌரி! நல்லவேள வந்த. வர்றவங்கல்லாம் கடை இல்லியா இல்லியான்னு கேட்டுக்கினே இருந்தாங்க. நேத்து பாலு காய்ச்சறப்போ ஒண்ணும் ஆவலியேன்னு...”

படாரென்று ஒரு சத்தம். யாரோ வெடி வைத்தார்கள் என்று கூட்டமே பின்னால் சாய்ந்தது. மேடையிலிருந்து ஒரு கான்கிரீட் சில்லு தட்டுப் போலப் பறந்து அண்டாவில் மோதியது. செங்கல் சரிந்தது. அண்டா சாய்ந்து கொதிக்கிற தண்ணீர் நெருப்பின் மேலும் இவர் காலின் மேலும் கொட்டியது. எங்கும் ஆவி. இவர் அலறிக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் ரோட்டில் நின்றேன். வாசல் எட்டி வைத்தால் ஒரு அடி. வீட்டுக்குள் போகக் கூடாதென்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் எனக்கு என்னைத் தெரியும். உள்ளே நுழைந்தால் காலுக்கு மருந்து போடுவேன், பிறகு சிதறியதைப் பெருக்குவேன், உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஸ்டவ்வில் உப்புமா கிண்டுவேன், பிறகு பாத்திரம். வெளியே வரமாட்டேன். அடுத்த பௌர்ணமி, அதற்கடுத்த பௌர்ணமி, உமாவின் கண்.

“பாத்துக்கினே நிக்கறியே, உள்ள வா கௌரி!” என்று அண்ணி கத்தினார்.

ரோட்டில் நின்றபடியே நானும் கத்தினேன். “உமா, அப்பா கால பக்கெட் தண்ணில வையி, எடுக்காத! அண்ணி, மேடை கிட்ட போவாதீங்க. தள்ளி நின்னு கோலால விறக இழுத்துப் போடுங்க. தண்ணி ஊத்தாதீங்க, இன்னும் வெடிக்கும்!”

சொன்னபடியே இன்னொன்று வெடித்தது. அண்ணி அப்படியே பின்னால் குதித்தார்.

உமா பக்கெட்டை இழுத்துக்கொண்டு வந்து இவர் காலை அதற்குள் வைத்தாள். கணுக்காலுக்குக் கீழே சிவந்திருந்தது. வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே இவர் என்னைப் பார்த்தார். நான் ஏறி வரப்போவதில்லை என்பது அப்போதுதான் இவருக்குப் புரிந்தது.

“பாதியில உட்டுட்டுப் போறியா?”

“பாதியில உடக் கூடாதுன்னுதான் போறேன்.”

இவர் வாயைத் திறப்பதற்குள் உமா தலையைத் தூக்கினாள். “நீ போம்மா. செவந்துதான் இருக்குது. டாக்டருகிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்.”

அவள் கண்ணைப் பார்த்தேன். பழக்கம். கொட்டகை விளக்கில் வெள்ளைவெளேரென்று இருந்தது. திரும்பி நடந்தேன்.

வேலூர்ப் பெண்கள் இருவரும் எதுவும் கேட்காமல் கூடவே வந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் மேல் கோபமா, பரிதாபமா, கால் எரிச்சலா, இன்னதென்று சொல்ல முடியவில்லை. இவர் கெட்டவர் இல்லை. பசி என்று நாலு பேர் வாசலில் நின்றால் இவருக்கு இருப்பு கொள்ளாது. அந்தப் பசிக்கெல்லாம் என் கையைத்தான் எடுத்துக் கொடுத்தார் என்பது மட்டும் இவருக்குத் தெரியவே இல்லை. மூத்தவள் பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து என் கையில் வைத்தாள். அழுதுகொண்டே தின்றேன்.

குபேர லிங்கத்தைத் தாண்டி, டவுன் வெளிச்சம் தெரிந்து, கிழக்கு கோபுரத்துக்கு வந்து சேர்ந்தேன். சூடம் ஏற்றினேன். இத்தனை வருஷம் சுமந்ததை இறக்கும்போது உடம்பு சிலிர்க்கும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. பாதத்தில் கொப்புளம். சரி, முடிந்தது என்று செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

ஆடி

இவருக்குக் கால் தோல் உரிந்து, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ஆறுவதற்கு நாளானது. மேடையும் அதே கதிதான். மேல்பக்கம் செதில் செதிலாகப் பெயர்ந்து கம்பி தெரிந்தது. பாஷா பாய் இந்த முறை சொன்ன அன்றே வந்துவிட்டார்.

“ஈரத்து மேலயா கட்டைய அடுக்கினீங்க? உள்ள இருந்த தண்ணி ஆவியாகி, வெளிய வர வழியில்லாம வெடிச்சிருக்கு.”

“அதுக்கு முன்னால கழுவி வேற உட்டோம்” என்றேன். பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

ஆடி பிறந்திருந்தது. புதிதாக மேடை போடலாமா என்று இவர் இழுத்தார். அண்ணிக்கு அதிலும் சந்தேகமே வரவில்லை. “ஆனியிலயே பத்த வச்ச அடுப்புதானேடா? இது ரிப்பேரு. ரிப்பேருக்கு ஏது ஆடி?” என்று ஊருக்குக் கிளம்பும் முன் தீர்ப்புச் சொன்னார். பாய் பழையதைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி கொட்டினார். மறுபடி கோணி, மறுபடி வரப்பு. இந்தத் தடவை தண்ணீர் ஊற்றியது நான் இல்லை. கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு, கையில் ஒரு நீளக் குச்சியோடு, இவர் மேடைப் பக்கத்திலேயே காவல் இருந்தார். தண்ணீர் நிறுத்த வேண்டிய நாள் வந்ததும் மழைக்குத் தார்ப்பாயும் கட்டினார். ஆவணியில் அது ஒரு விரிசல் இல்லாமல் எரிந்தது. நாங்கள் அந்தக் கடையை மூடும்வரை எரிந்தது.

நடுவில் ஆடிப் பௌர்ணமி வந்தது. கடை இல்லை. மத்தியானத்திலிருந்தே வாசலில் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அண்ணி மறுபடி வந்திருந்தார்.

“கடைதான் இல்லியே கௌரி. இன்னொரு சுத்து சுத்திட்டு வாயேன், புண்ணியமாப் போவும்.”

இவரும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, “போய்ட்டு வா. நான் நெருப்புப் பெட்டியக்கூடத் தொட மாட்டேன்” என்றார்.

“நான் போவல” என்றேன். “நான் இப்ப யாருக்கும் எதுவும் நேந்துக்கல.”

விளக்கு வைத்துவிட்டு உள் அறையில் பாயை விரித்தேன். யாராவது கூப்பிடுவார்கள் என்று கொஞ்ச நேரம் காது வாசலிலேயே இருந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. வெளியே அரோகரா சத்தமும் ஆயிரம் பேர் காலடிச் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. ஊர் உலகமெல்லாம் என் வாசல் வழியாக மலை சுற்றிக்கொண்டிருந்தது. நான் குப்புறப் படுத்துத் தூங்கினேன்.